மத்தியானச் சங்கு

கேஸ் அடுப்பின் இரண்டு திருகுகள் வெகுகாலம் என் கைப்பையில் இருந்தன. கறுப்பு பிளாஸ்டிக், விளிம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் எடுக்கக் கையை விடும்போது விரலில் தட்டுப்படும். டீச்சர் வீட்டு அடுப்பையே பையில் கொண்டுவருகிறார் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். திருகில்லாத அடுப்பின் முன்னால் அத்தை அந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்புத்தான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். காலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் வரும்போது தலை, புருவம், காதுமடல் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். சுடுதண்ணீரில் குளித்துவிட்டுத்தான் சோற்றில் கைவைப்பார். அப்போது குடும்பம் ஆலைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தது. ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் அத்தை அடுப்பைப் பற்றவைப்பார். மாமா செருப்பைக் கழற்றும்போது தண்ணீர் தயாராக இருக்கும். அத்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, தேவையும் இருந்ததில்லை. பிறகு ஆலையை மூடினார்கள், மாமா இறந்தார், நாங்கள் அவனியாபுரத்தில் வீடு கட்டிக் குடிவந்தோம்.

எண்பதை நெருங்கும்போது அத்தைக்கு மறதி வந்தது. முதலில் சொந்தக்காரர்களின் பெயர்கள் போயின. ஒரு விடுமுறை நாளில், மத்தியானம் படுத்திருந்தவர் திடுதிப்பென்று எழுந்து உட்கார்ந்தார். "சங்கு ஊதிருச்சு. ஒங்க மாமா வந்துருவாரு, தண்ணி வைக்கணும்" என்று கொண்டையை முடிந்துகொண்டு விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனார். அந்த நடையில் வயதே இல்லை. அந்தச் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலத்திலேயே அவனியாபுரம்வரை கேட்டதில்லை. மறுநாளும் அதே பொழுதில் அதே பேச்சு. அப்புறம்தான் பிடிபட்டது. மத்தியான விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலாகத் தாழ்ந்து இறங்கும் சத்தத்தைத்தான் அவர் சங்கென்று எடுத்துக்கொண்டிருந்தார்.

மாடிக்குக் கூட்டிப்போய் விமானத்தைக் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது பாட்டுக்குப் போகுது. நான் சங்கச் சொல்றேன்" என்றார்.

தண்ணீரை வைத்துவிட்டு மறந்துபோவார். பாத்திரம் வற்றிக் கருகி வீடெல்லாம் புகை சூழ்ந்ததும் உண்டு. பகலில் துணைக்கு ஆள் வைத்தோம், யாரும் நிலைக்கவில்லை. சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடிவைத்தாலும் திறந்துவிடுவார், அந்தப் பழக்கம் மட்டும் கைக்கு மறக்கவேயில்லை. அதனால்தான் வேலைக்குக் கிளம்பும்போது திருகுகளை உருவி எடுத்துப்போகத் தொடங்கினேன். பிளாஸ்கில் சுடுதண்ணீர் வைத்துவிட்டுத்தான் போவேன். சாயந்திரம் வந்து பார்த்தால் அது வைத்தபடியே இருக்கும். "ஒங்க மாமா இன்னைக்கும் பச்சத்தண்ணியிலதான் குளிச்சாரு" என்பார் அத்தை. அதில் கோபம் இருக்காது. தன் வீட்டு அடுப்பைத் தொடக்கூடாதென்று ஆகிப்போனவரின் கூச்சம் இருக்கும். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இடுக்கியை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. சூடான பாத்திரத்தை இறக்குகிற இடுக்கி எந்த வீட்டிலும் அடுப்பு மேடையில் கிடப்பதுதானே. ஒருநாள் அத்தை அதைக்கொண்டு, திருகு இருந்த இடத்துக் கம்பியைக் கவ்விப் பிடித்து, அழுத்தித் திருப்பிவிட்டார். அடுப்பு எரிந்தது, தண்ணீரும் கொதித்தது. அணைக்கும்போது இடுக்கி வழுக்கியிருக்க வேண்டும். இன்னும் கிட்டே குனிந்திருக்கிறார், நைலக்ஸ் சேலையின் முந்தானை தீயில் விழுந்துவிட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரம்மா பின்வாசல் வழியாக ஓடிவந்து ஜமுக்காளத்தைப் போர்த்தி அணைத்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தோளில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே திருகுகள் பத்திரமாக இருந்தன.

அத்தை சில நாட்கள் உயிரோடு இருந்தார். மருந்து மயக்கத்திலும் ஒரே கேள்விதான்.

"ஒங்க மாமா குளிச்சுட்டாரா?"

"குளிச்சுட்டாரு அத்தை."

"சுடுதண்ணியிலயா?"

"சுடுதண்ணியிலதான்."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நினைத்தால் ஆறுதல் வருவதில்லை, பயம்தான் வருகிறது.

இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வேலைக்குக் கிளம்பினால் பகலெல்லாம் தனிதான். மத்தியானம் விமானச் சத்தம் கேட்டால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் எழுந்துபோய் அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிடுவேன். இத்தனை வருடங்களாக அப்படித்தான். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மத்தியான ப்ளைட்டு இப்ப ஏது டீச்சர்? நேரத்த மாத்தி எம்புட்டு நாளாச்சு."

மறுநாள் மத்தியானமும் எனக்குக் கேட்டது. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வெயிலைத் தவிர வானத்தில் ஒன்றுமில்லை. இறங்கி அடுக்களைக்கு வந்தால், அடுப்பின் மேல் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அடுப்பு எரியவில்லை. அதை வைத்தது நானாகத்தான் இருக்க வேண்டும், வீட்டில் வேறு யாருமில்லை. ஆனால் வைத்த நினைவு எனக்கில்லை.

அடுத்த நாள் காலையில் மகன் கிளம்பும்போது, அடுப்பின் திருகுகளை உருவி அவனுடைய சாப்பாட்டுப் பையில் போட்டேன். "என்னம்மா இது?" என்று சிரிக்கத் தொடங்கியவன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவனுக்கு அந்தக் கதை தெரியும். பையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கொஞ்சம் நில்லு என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இடுக்கியையும் எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன்.