பாடாலூர்க் கரட்டில் ஊசிப்புல்

திருச்சியில் காலை ஆறு இருபதுக்குப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். பாடாலூருக்கு டிக்கெட் நாற்பது ரூபாய், தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். தை மாதப் பனிக்குப் பயந்து பஸ்ஸில் பாதிப் பேர் காதில் துண்டு கட்டியிருந்தார்கள். கோத்தகிரியிலிருந்து வந்த எனக்கு அது குளிராகவே தெரியவில்லை.

"பாடாலூர்ல யாரு வூட்டுக்கும்மா?" என்று கேட்டார் கண்டக்டர்.

"யார் வீட்டுக்கும் இல்லைங்க. புல் பார்க்கப் போறேன்."

"மாடு வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க, நான் டீச்சர்."

"டீச்சருக்கு எதுக்குங்க புல்லு?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

நியாயமான கேள்விதான். பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். எங்கள் காரட் வரப்புகளில் காட்டு ஓட்ஸ் தானாக முளைக்கும். அதன் ஒவ்வொரு விதைக்கும் முதுகில் முழங்கால் போல மடங்கிய ஒரு நீண்ட கூர் உண்டு. அந்தக் கூர் கயிறு போல முறுக்கிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் முறுக்கு அவிழ்ந்து சுழலும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். இப்படித் திருகித் திருகியே விதை மண்ணுக்குள் இறங்கிவிடும். பத்து வருஷமாக வகுப்பில் சொட்டு விட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கிவருகிறேன். "வெயில் ஊர்ல இந்த மாதிரி புல்லு இருக்கா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். காட்டு ஓட்ஸுக்குக் குளிர் வேண்டும், வெயில் ஊரில் பிழைக்காது. ஆனால் இதே வித்தை தெரிந்த ஊசிப்புல் அங்கே உண்டு என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அதை நிலத்தில் நின்று பார்த்ததில்லை.

ஏழரை மணிக்கு இறங்கினேன். ஆட்டோ ஓட்டிய அன்சாரிக்கு லப்பைக்குடிக்காடு சொந்த ஊர். பதினொரு வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே மூன்று கிலோமீட்டரில் ஒரு கரடு, சின்னக் கல்குன்று. போகவும் காத்திருக்கவும் இருநூற்றைம்பது ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

கரட்டின் அடியில் மக்காச்சோளம் அறுத்த தாள். அதற்கு மேலே சிவந்த சரளை மண், பாறை இடுக்குகள், அங்கங்கே உசிலை மரம். வேறு பயிர் எதுவும் சீந்தாத அந்தச் சரளையில்தான் ஊசிப்புல் குத்துக் குத்தாக, இடுப்பளவு உயரத்தில் நின்றது. கதிர்களின் கருத்த கூர்கள் ஒன்றோடொன்று பின்னிச் சடை போட்டிருந்தன. காட்டு ஓட்ஸ் தளர்ந்து தொங்கும். இது விறைத்து நிற்கும். ஒரு விதையை உருவிப் பார்த்தேன். அடியில் ஊசி முனை, அதைச் சுற்றிப் பின்னோக்கிப் படிந்த பழுப்பு மயிர். உள்ளே போகலாம், திரும்பி வர முடியாத ஏற்பாடு. எனக்கு ஒரே குதூகலம். சேலைக் கரை முழுக்க விதை ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

எட்டரை இருக்கும். பக்கத்துச் சாலையில் ஏதோ லாரி டயர் வெடித்த சத்தம். கீழே தாளில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகள் மிரண்டு கரட்டில் ஏறிவிட்டன. "ஏய், ஏய்! மேல போவாத!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள் ஒரு பெண். அவள் பெயர் மருதாயி, ஆட்டுக்குச் சொந்தக்காரி. தையில் ஊசிப்புல் கதிர் விட்டால் காலைப் பனி காயும்வரை கரட்டுப் பக்கமே ஆட்டை விடமாட்டார்களாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆடுகளை இறக்கி முடித்தபோது முன்னால் நின்ற செவலை ஆடு மட்டும் தலையை உதறிக்கொண்டே இருந்தது. இடது கண் மூடியிருந்தது. கீழிமையின் உள் மூலையில் ஒரு கருத்த கூர் நீட்டிக்கொண்டிருந்தது.

மருதாயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு. நாளைக்கு வெள்ளன செட்டிகுளத்துக்குப் போவணும். வெங்காயம் எடுத்த காட்டுல எருவுக்குக் கிடை போட ஒத்துக்கிட்டிருக்கேன். இவதான் முன்னாடி போறவ. இவ பாத்து நடந்தாத்தான் அறுவது உருப்படியும் ரோட்டத் தாண்டும். ஒத்தக்கண்ணோட அந்த நாலு வழி ரோட்டுல எப்புடி விடுவேன்?"

எனக்கு மனசு பதறியது. கண்ணில் தூசி விழுந்தால் என்ன செய்வோம்? கழுவுவோம். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து கண் மேலேயே தண்ணீரைக் கொட்டினேன்.

"ஐயோ, தண்ணி ஊத்தாதீங்கக்கா!"

ஊற்றியாகிவிட்டது. கூர் மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. வகுப்பில் அதே சுழற்சிக்குத்தான் கைதட்டு வாங்குவேன். ஆடு அலறியது. விதை என் கண்ணெதிரே இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய் அடுத்தவள் கறியையும் கெடுத்துவிட்டது. வெட்கத்தில் அழுகையே வந்தது.

"டீச்சர், அப்பறம் அழுவலாம். இப்ப என்ன செய்யணும் சொல்லுங்க," என்றார் சத்தம் கேட்டு ஆட்டோவிலிருந்து ஓடி வந்த அன்சாரி. ஆட்டை மடக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் புத்தி வந்தது. சுழல்வது கூர், கூர் இல்லாவிட்டால் திருகல் இல்லை. பையில் மாதிரி வெட்டும் சின்னக் கத்தரி இருந்தது. கூரை ஒட்ட நறுக்கினேன். மருதாயி சாக்கிலிருந்து விளக்கெண்ணெய்க் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். "எண்ணெய்க்கு அது திருகாது. மயிரு படிஞ்சிரும். செத்த நேரம் இருங்க."

பிறகு இடுப்பில் தொங்கிய முள்வாங்கியை எடுத்தாள். இமைக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். "முனை தெரியலியேக்கா. கண்ணுமுழியில பட்டுச்சுன்னா?"

என் உருப்பெருக்கிக் கண்ணாடியை இமை மேல் பிடித்தேன். விதை மூக்குப் பக்கமாகச் சாய்ந்து, விழிக்கு விலகிப் போயிருந்தது. "மூக்குலேர்ந்து காதுப் பக்கமா, நேரா இழு. தூக்காதே," என்றேன். ஒரே இழுப்பு. அரிசியில் பாதிகூட இல்லாத விதை எண்ணெயோடு வந்தது. நுனி உடையவில்லை என்று கண்ணாடியில் மூன்று முறை பார்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று அன்சாரி ஆட்டை விட்டார். அது என் பக்கமே வராமல் சுற்றிக்கொண்டு தூரமாக ஓடியது.

"கண்ணு தெரியுமா மருதாயி?"

"நாளைக்கு விடிஞ்சாத்தாங்க்கா தெரியும்." அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரம்பலூரில் பஸ் மாறி மதியம் அரியலூர் வந்தேன், முப்பது கிலோமீட்டர். வழியெங்கும் சுண்ணாம்புக்கல் லாரிகள். கரிசலில் வேறு புற்கள் இருக்கின்றன, பார்க்கத்தான் வந்தேன். எதுவும் மனதில் ஒட்டவில்லை. அறுநூறு ரூபாய் லாட்ஜ் அறையில் அந்தக் கூர் சுழன்றதுதான் கண்ணுக்குள் நின்றது.

காலை ஆறே முக்கால். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்ததும் ஹாரன் சத்தம், மணிச் சத்தம்.

"அக்கா, மருதாயி பேசறேன். இப்பத்தான் ரோட்டத் தாண்டுனோம்!"

"செவலை?"

"அவதான் முன்னாடி போறா. ராத்திரியே கண்ணத் தொறந்துட்டா. லேசாச் செவந்திருக்கு, அவ்வளவுதான். லாரி வந்தப்ப நின்னு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போறாக்கா!"

அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய சந்தோஷத்தில் இன்னொரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக்கொண்டேன்.

"மருதாயி, என்னை மன்னிச்சுடும்மா."

"நீங்க கண்ணாடி பிடிக்கலன்னா நான் குத்தியே கெடுத்திருப்பேன். வுடுங்கக்கா. ஆனா இந்தப் பக்கம் மறுபடி வந்தா தண்ணி பாட்டில ஆட்டோலயே வச்சுட்டு வாங்க."

எங்கள் ஊரில் காட்டு ஓட்ஸ் வரப்போரத்தில் சும்மா ஆடிக்கொண்டு நிற்கும். அது குத்தி யாருக்கும் கண் போனதாக நான் கேட்டதில்லை, அதனால்தான் அது எனக்கு இத்தனை நாள் வேடிக்கையாக இருந்தது. பஸ் கிளம்பியபோது கணுக்காலில் ஏதோ குத்தியது. சேலைக் கரையில் ஓர் ஊசிப்புல் விதை, கூரோடு முழுதாக. மாணவிக்குக் காட்டலாமென்று பொட்டலம் கட்டினேன். பழக்க தோஷத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க பாட்டில் மூடியைத் திருகிவிட்டேன். அப்புறம் மூடிவிட்டு, தாகம் எடுத்தும் திருச்சி வரை அதைத் திறக்கவில்லை.