பண்ணைக் குட்டையில் குதித்த அன்று

எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். மழை பொய்த்த வருடம், மாமரங்களைக் காப்பாற்ற அரசாங்கம் அவசர மானியம் தந்து பண்ணைக் குட்டை வெட்டவைத்தது. தண்ணீர் மண்ணில் இறங்காதபடி அடியிலும் கரையிலும் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தார்கள்.

போர் மோட்டார் தண்ணீரில் எங்கள் குட்டை நிரம்பிய அன்று என் கணவருக்கு இளமை திரும்பிவிட்டது. கல்யாணமான புதிதில் எங்கள் பெரிய கிணற்றில் மேலிருந்து குதிப்பார். நான் பயந்து கத்தினால், சிரித்துக்கொண்டே படியேறி வருவார். அப்படி ஒரு காலம்! அந்தக் கிணறு வற்றி வெகுநாளாகிறது.

"எத்தினி நாளாச்சி மே!" என்று என்னைப் பார்த்துச் சொல்லி, துண்டை வீசிவிட்டுக் குதித்தார். பழைய நினைப்பில் நானும் சிரித்தபடி நின்றேன்.

கரையேறும்போதுதான் ஆபத்து புரிந்தது. கை வைத்த இடமெல்லாம் வழுக்கி, திரும்பத் திரும்ப உள்ளே சறுக்கினார்.

"புடிமானமே இல்ல மே, கை ஓஞ்சிபோவுது" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

நான் இறங்கியிருந்தால் இருவருமே போயிருப்போம். மோட்டார் கொட்டகைக்கு ஓடி ஓஸ் பைப்பை எடுத்து வந்தேன். மாமரத்தில் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை வீசினேன்.

"கெட்டியா புடிச்சிக்கினு வாங்க!"

மேலே வந்து விழுந்தவர் வெகுநேரம் என் கையை விடவில்லை.

இப்போது குட்டையின் நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்குகிறது. மானியத்தில் குட்டை வெட்டுகிற எவரைப் பார்த்தாலும், தண்ணீர் விடுவதற்கு முன்பே கயிறு கட்டச் சொல்கிறேன். நீந்தத் தெரிந்தவர்களிடம் இரண்டு தடவை சொல்கிறேன்.