சட்டைப் பையில் ஒரு கைப்பிடி

இட்டுக்கட்டிச் சொல்லும் அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால், மச்சானிடம் போய்ப் பழைய கார் வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே இது நடந்தது. எனக்கே நடந்தது.

முதலில் என் குற்றம். முன்கதவில், என் மனைவி உட்காரும் பக்கத்தில், கண்ணாடி நிற்காது. எத்தனை முறை ஏற்றினாலும் நான்கு விரல் இறங்கி, அங்கேயே சிக்கிக்கொள்ளும். அன்று ஆத்திரத்தில் இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். படக்! கண்ணாடி ஓடுகிற ரப்பர் சேனல் கிழிந்து, பாம்புச் சட்டை போலத் தொங்கியது.

"ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு" என்றாள் மனைவி.

"உன் தம்பி தலையில கட்டின வண்டி!"

"அந்த சீட்டுல உட்கார்ந்தா மடி ஈரமாகுதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுல வாங்குனீங்களா?"

வாங்கவில்லை. வாங்கியது புதுச் சேனல் மட்டும். வீறாப்பாக நானே வேலையில் இறங்கினேன். உச்சி வெயில். கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பழைய சேனலை உருவினேன். அதன் பள்ளத்தில் காய்ந்த சேறு. சேற்றில் பாசி. அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் வளைந்திருந்தது. மச்சானின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே தட்டி நிமிர்த்தினேன். சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை அழுத்திச் செருகினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஏறியது. என் தோளை நானே தட்டிக்கொண்டேன். வேறு யார் தட்டுவார்கள்?

இனி அட்டையை மாட்ட வேண்டும். கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

கிர்ர்...

கண்ணாடி ஒரு விரல் இறங்கியது.

குனிந்து பார்த்தேன். கைப்பிடி மாட்டும் மொட்டைத் தண்டு சுற்றியது. தானாக. அரைச் சுற்று. நின்றது. மறுபடி அரைச் சுற்று. கை வழுக்கி வழுக்கிச் சுற்றுகிறவர் போல... அவசரமாக.

கிர்... கிர்... கிர்...

சீட்டில் யாரும் இல்லை. ஆனால் அமுங்கியிருந்தது.

ஓரத்தில் தண்ணீர்.

சொட்டு... சொட்டு...

கண்ணாடி முழுதாக இறங்கியது. என் முகத்தில் ஒரு மூச்சு பட்டது. குளத்து வாடை. வெகுநேரம் அடக்கி வைத்து விடுகிற மூச்சு...

பயத்தோடு பாவமாகவும் இருந்தது. கோபம் முழுவதும் மச்சானுக்கே மிச்சம். போன் போட்டேன். சட்டைப் பை ஜில்லென்று நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

"என்ன வண்டிடா இது?"

"நல்ல வண்டி மாமா. டயர் புதுசு."

"தண்ணியில விழுந்துச்சா?"

"சீட் கவர்கூடப் புதுசு மாமா..."

"டேய்! உன் கூடப் பிறந்த அக்கா உட்கார்ற சீட்டுடா அது!"

மறுமுனையில் அழுகிற குரல்.

"குளத்துல விழுந்துச்சு மாமா. ஓட்டினவர் தப்பிச்சுட்டார். பக்கத்துல அவர் சம்சாரம்... கண்ணாடி சேனல்ல சிக்கிக்கிச்சு. இறங்கல. வெளிய எடுத்தப்போ, பிடுங்கின கைப்பிடி அவங்க கையிலயே இருந்துச்சு. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தாங்க. நான்... அதையே துடைச்சு மாட்டிட்டேன் மாமா."