டேராடூனில், ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பெரம்பலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன ஆனியில் ஒரு பயிற்சிக்காக டேராடூன் அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் கூட வந்தவர்கள் ஹரித்துவார் கிளம்பினார்கள். நான் மட்டும் தனியாக இரண்டு நாள் ஊர் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வீட்டுக்காரர் போனில், "இந்தி ஒரு வார்த்தை தெரியாது உனக்கு. பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

முதல் நாள் மணிக்கூண்டைச் சுற்றியுள்ள கடைத்தெருவிலேயே கழிந்தது. கையைக் காட்டியே லிச்சிப் பழம் வாங்கித் தின்றேன். வழி தெரியாமல் ஒரே பேக்கரி வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்து நின்றதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்துவிட்டு, கையில் ஒரு ரஸ்க்கைக் கொடுத்தார். தனியாக வந்த பயம் பாதி அங்கேயே போய்விட்டது.

மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்து மலையடிவாரத்துக்குப் போனேன். அங்கே ஒரு டீக்கடை, அகலமான ஆறு, அக்கரையில் உயரமான மரங்கள் அடர்ந்த காடு. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டிப் போனேன். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடக்க நடக்க, என் காலடிச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. மலை உச்சிப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்ததும் திரும்பிவிட்டேன்.

காட்டுப் பக்கக் கரையில் ஒரு பெரியவர் ஆற்றைக் கடக்கப் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில், டீக்கடைப் பக்கம், அவர் மனைவி பைகளோடு உட்கார்ந்து, சீக்கிரம் வரச்சொல்லிக் கையசைத்தார். எங்களுக்கு மேலே நல்ல வெயில். ஆனால் தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கியிருந்தது; நுரையும் சருகுமாக வந்தது. நான் குன்னம் பக்கம் பிறந்தவள். மருதையாற்றில் வெள்ளம் வரும்போது முதலில் இப்படித்தான் சருகு வரும். என் சித்தப்பா அதில் ஒரு ஜோடி மாட்டைப் பறிகொடுத்திருக்கிறார்.

"போவாதீங்க, தண்ணி வருது," என்றேன். வேறு பாஷை வாயில் வரவில்லை. அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஆற்றில் கால் வைத்தார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோபமாக ஏதோ சொல்லிக் கையைத் தட்டிவிட்டார். மறுபடியும் பிடித்தேன். தையல் விட்டுச் சட்டை கிழிந்தது.

அதற்குள் சத்தம் கேட்டது. அரியலூர்ப் பக்கம் லாரியில் சுண்ணாம்புக்கல் கொட்டுவார்களே, அந்த மாதிரி. அவரே என் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் மேட்டில் ஏறித் திரும்பிப் பார்க்கையில், நான் தாண்டி வந்த கற்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. முழு மரம் ஒன்று வேரோடு உருண்டு போனது.

எதிர்க்கரையில் அந்த அம்மா எழுந்து தண்ணீரை நோக்கி இறங்க ஆரம்பித்தார். பெரியவர் கத்தியது அவர் காதில் விழவில்லை. நான் துப்பட்டாவை உருவி, பின்னால் போகச் சொல்லித் தலைக்கு மேல் வீசினேன். அவர் நிற்கவில்லை. டீக்கடைக்காரர் ஓடிவந்து தோளைப் பிடித்து நிறுத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மழையும் பிடித்துக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் ஏற ஏற நாங்களும் மேலே மேலே தள்ளி உட்கார்ந்தோம். அவர் இந்தியில் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். பயப்படாதீங்க என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பல் தந்தியடித்தது அவருக்கும் கேட்டிருக்கும்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்ததும் ஊர்க்காரர்கள் கயிறோடு வந்தார்கள். இடுப்பளவு நீரில், கயிற்றைப் பிடித்து டீக்கடைப் பக்கம் வந்து சேர்ந்தோம். அந்த அம்மா புருஷன் நெஞ்சில் ஓங்கி அடித்துவிட்டு அழுதார். பிறகு என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டீக்கடையில் சிக்னல் வந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எங்கே போனே, எத்தனை தடவை கூப்பிடுறது என்று ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க," என்றேன்.

ஏனென்று அவர் கேட்கவில்லை. வெங்காயத்துக்குக் களையெடுக்க ஆள் வராததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். போனைப் பெஞ்சில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.