தம்பிக்குத் திறக்காத போன்

விருத்தாசலத்தில் என் செல்போன் கடைக்கு வந்த அந்தப் பீங்கான் தொழிலாளிக்குப் புருவத்தில்கூட வெள்ளை மண். எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் ஒருமுறை ஊதிவிட்டுத்தான் பார்ப்பார். பக்கத்தில் அதே முகமும் அதே மண்ணுமாக, அவரோடு இரட்டையாகப் பிறந்த தம்பி நின்றார்.

“இவனுக்குத் தெறக்காத போனா குடுங்க. என் மொவளுக்கு வரன் வந்துச்சு. நான் யோசிக்கறதுக்குள்ள இவன் மூஞ்சியக் காட்டி என் போனத் தெறந்து, மாப்ள வூட்டுக்குச் சம்மதம்னு அனுப்பிட்டான்.”

“நல்ல எடம்ண்ணே,” என்றார் தம்பி.

மூன்று கம்பெனிப் போன்களில் அண்ணன் முகத்தைப் பதிந்து தம்பியிடம் நீட்டினேன். மலிவானதும் திறந்தது, விலை கூடியதும் திறந்தது.

“ஒரே அச்சுல எடுத்த பொம்மையிலயே எது எதுன்னு நாங்க சொல்லுவோம். இதுக்குத் தெரியலியே,” என்றார் அண்ணன்.

மண்ணில் தேய்ந்த அவர் விரல்ரேகையை எந்தப் போனும் ஏற்கவில்லை. நம்பர் போடச் சொன்னேன்.

“நான் நெனைக்கற நம்பரத்தாங்க அவனும் நெனைப்பான்.”

அதனால் மலிவான போனில் முகத்தை நீக்கிவிட்டு நானே ஒரு நம்பரைப் போட்டு, அவர் காதில் மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையில் வந்தார். “நம்பரு மறந்துபோச்சுங்க.” மறுபடி காதில் சொன்னேன்.

மத்தியானமும் வந்தார். “தம்பி தெறந்து நிச்சயத்துக்கே தேதி குடுத்துட்டான். வேற நம்பரு போடுங்க,” என்று போனை ஊதிவிட்டு நீட்டினார்.

போட்டேன். சொல்வதற்காக அவர் காதருகே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அது அண்ணன் காதுதானா?