பங்குனி முப்பத்தொன்று வரைக்கும்

வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில், வருகிறவர்கள் வரி எவ்வளவு என்று கேட்பதில்லை. எத்தனை வருடம் பின்னால் போய்த் தோண்டுவார்கள் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மாட்டுப்பட்டவர்கள் உங்களில் யாரும் இருந்தால், ஆறுதலுக்கு இதை வாசியுங்கள். சண்டை நின்று வடக்குக்கான பாதை திறந்து சில வருடங்கள் ஆன நேரம், வவுனியாவில் ஒரு கணக்காளரிடம் நான் எழுதுவினைஞராக இருந்தேன்.

பாதிச் சட்டம்

எங்களிடம் கணக்குக் கொடுக்கிற தவராசா அண்ணைக்குச் சீமெந்துக் கடை. பாதை திறந்த வருடம் கிளிநொச்சி, முரசுமோட்டைப் பக்கமெல்லாம் சனம் வீடு கட்டத் தொடங்க, அவருடைய லொறி ஓயாமல் ஓடியது. அந்த விற்பனையில் பாதியை அவர் எங்களுக்குக் காட்டவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. அந்த வருடக் கணக்கைக் கிளறுவதற்கு ஏதும் கெடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். "ஓம், வாற பங்குனி, மார்ச் முப்பத்தொண்டோட முடியுது" என்றேன்.

வேண்டுமென்றே மறைத்திருந்தால் கெடுவே கிடையாது, நீதிமன்றத்துக்கும் இழுப்பார்கள் என்பது மிச்சப் பாதி. அதற்குள் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால் அண்ணை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்ப பங்குனி முடிஞ்சா நான் சுத்தவாளி, என்ன தங்கச்சி?"

கோப்போடு வந்தவர்

மாசி பிறந்ததும் அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. ஒரு நாள் நீளக் காற்சட்டையும் கையில் கோப்புமாக ஒருவர் கடைக்குள் வந்து சீமெந்து விலை கேட்டிருக்கிறார். வரிக்காரர்தான் என்று அண்ணை கதிரை போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, வாங்கிய விலையிலும் குறைத்து விலை சொன்னாராம். வந்தவரோ கிணறு கட்டுவதற்குச் சாமான் தேடிப் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த வாத்தியார். சோடாவைக் குடித்துவிட்டு எழும்பினார்.

"இவ்வளவு மலிவெண்டா சீமெந்து இறுகிப்போச்சுது போல. நான் வேற கடையில பாக்கிறன்."

கடிதம்

பங்குனி நடுவில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த வருடத்துக் கணக்குக் கொப்பிகள் எல்லாவற்றையும் கொண்டு வரும்படி. அண்ணை அதை நீட்டும்போதே உண்மையையும் சொல்லிவிட்டார். கணக்காளர் சேரிடம் போய் நான் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சட்டம் தெரியாத ஆக்களால ஆபத்தில்லைப் பிள்ளை. பாதியைச் சொல்லுற ஆக்களாலதான் மனுசர் மறியல் கம்பிக்குள்ள போறது."

பொலித்தீன் பை

மறுநாள் அண்ணையும் மனைவி மனோ அக்காவும் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் முதலில் தூக்கிய பை அது. காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், குடும்ப அட்டை. அவற்றோடு ஒரு கொப்பி. காட்டாத விற்பனை முழுக்க அதில் இருந்தது. யாரும் தவறுதலாக எடுத்துக் கொடுத்துவிடக் கூடாதென்று அட்டையில் அண்ணை தன் கையாலேயே "வரிக்காரருக்குக் காட்டக் கூடாது" என்று எழுதி வைத்திருந்தார். வேண்டுமென்று மறைத்தார் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. இதைப் போய் ஏன் இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். மனோ அக்கா அழுதுவிட்டார்.

"கடதாசி இல்லாமல் மூண்டு முகாமில நிண்டனாங்கள் தங்கச்சி. எழுதின துண்டு ஒண்டையும் எறிய எங்களுக்கு மனம் வராது."

மேசைக்கு முன்னால்

கொப்பியை நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம், வரியையும் தண்டத்தையும் கட்டினால் ஒருவேளை வழக்கில்லாமல் விடுவார்கள் என்றார் சேர். அண்ணையோடு நான் போனேன். அதிகாரி கொப்பி அட்டையை இரண்டு தரம் வாசித்தார். "இவ்வளவு காலமும் ஏன் வரேல்லை?" என்று கேட்டார். மேசைக்குக் கீழே அண்ணையின் காலை மிதித்தேன். பயத்தில் அவருக்கு அது விளங்கவில்லை. "பங்குனி முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான் ஐயா" என்றார். அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார்.

"அதையும் எழுதிப்போட்டன். கொப்பியைத் தானாக் கொண்டுவந்து தந்தவர் எண்டும் எழுதியிருக்கிறன். மேல இருக்கிறவை எதைப் பெரிசா எடுப்பினமோ, எனக்குத் தெரியாது."

அண்ணை லொறியை விற்று எல்லாவற்றையும் கட்டினார், வழக்கும் வரவில்லை. ஆனால் இனிமேலும் வராது என்று எழுதித் தர எந்த அலுவலகத்திலும் ஆளில்லாததால், தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அவர் தன் கடையிலும் நான் என் கதிரையிலும் இன்னும் எழும்பித்தான் நிற்கிறோம்.