அக்காவின் மோகனம்

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பணிவான வணக்கம். எங்கள் அக்கா மறைந்து இந்த ஆவணியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அத்தானையே எழுதச் சொன்னேன். "நான் எழுதினா அழுதுகிட்டேதான் எழுதுவேன். நீ எழுதினா கொஞ்சம் சண்டை போட்டு எழுதுவே. அவளுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். யார் மனமாவது புண்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டாலும் அச்சாகிவிட்டது.

'சாந்த சொரூபி', 'பொறுமையின் வடிவம்' என்றெல்லாம் இதுபோன்ற மலர்களில் எழுதுவது வழக்கம். அக்காவோடு பழகியவர்கள் அதைப் படித்தால் சிரித்துவிடுவார்கள். அக்கா கோபக்காரர். ரசத்தில் உப்புக் குறைந்தது என்று சொன்னவரை வாசல் வரை துரத்தியவர். அந்தக் கோபத்துக்கு நடுவே யாருக்கும் தெரியாமல் ஓர் ஆசையை வளர்த்து, அது நிறைவேறாமலே போய்ச் சேர்ந்தார். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது காட்டூரில். சிறு வயதில் அவருக்கு நெடுநாள் காய்ச்சல் கண்டது. முழங்கால்கள் வீங்கி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தாராம். காய்ச்சல் போய்விட்டது என்று அம்மா சமயபுரத்தாளுக்கு மாவிளக்குப் போட்டார்கள். போகும்போது அது இருதயத்தில் ஒரு கோளாற்றை விட்டுச் சென்றது வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு அப்பா உறையூரில் மாவு மில் வைத்தார்கள். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. பெரியவளானதும் அக்காவின் படிப்பு நின்றது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். வீட்டில் மாமாவின் ஹார்மோனியம் ஒன்று இருந்தது. நாடகங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த மாமா, அதை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுச் சிலோனுக்குப் போனவர், திரும்பவில்லை. அக்கா அதைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார். பாட்டு வாத்தியார் வேண்டும் என்று கேட்டதற்கு, "மில்லுக்காரன் பொண்ணு கச்சேரி பண்ணப் போறாளா? போய் வேலையைப் பாரும்மா" என்றார்கள் அப்பா.

அக்கா விடவில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு சங்கீதப் புத்தகத்தை என்னை விட்டு வாங்கி வரச் செய்தார். எந்த ராகத்துக்கு எந்த ஸ்வரங்கள் என்று அதில் ஒழுங்காகப் போட்டிருந்தது. எல்லாம் 'ச'வில் தொடங்குகிறது. ஆனால் அந்த 'ச' எங்கே இருக்கிறது என்று புத்தகத்தில் இல்லை. சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் 'குருமுகமாக அறிக' என்று போட்டிருந்தார்கள். "குரு இருந்தா இந்தப் புத்தகம் எனக்கு எதுக்குடா?" என்று அக்கா அதைத் தூக்கி எறிந்தார். பிறகு தானே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

'ச'வை அக்கா தானாகவே கண்டுபிடித்தார். மில் மோட்டார் காலையிலிருந்து மாலை வரை ஒரே குரலில் இரைந்துகொண்டிருக்கும். கச்சேரியில் தம்பூரா விடாமல் ஒலிக்கும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் வீட்டில் விடாமல் ஒலித்தது மோட்டார்தான். அந்த இரைச்சலுக்குச் சேரும் கட்டையை ஹார்மோனியத்தில் தேடிப் பிடித்து, அதுதான் 'ச' என்று முடிவு கட்டினார். மிளகாய் அரைக்கும்போது மோட்டார் திணறி, குரல் சற்றுக் கீழே இறங்கும். அப்போது அக்கா கையை எடுத்துவிட்டு, மிளகாய் அரைத்து முடியும்வரை காத்திருப்பார்.

பாடம் கேட்டது எதிரே இருந்த காபி கிளப் ரேடியோவில். ராகத்தின் பெயரை ரேடியோவில் சொன்னதும் அக்கா ஜன்னலோரம் ஹார்மோனியத்தை இழுத்துக்கொள்வார். பாட்டைக் கேட்டுக் கட்டைகளைக் கண்டுபிடித்து, மில்லின் 'ச'விலிருந்து ஸ்வரங்களை எண்ணிப் பார்ப்பார். மோகனத்துக்குப் புத்தகத்தில் ச ரி க ப த என்று இருந்தது. ஒரு பெண்மணி பாடிய மோகனத்தில் அக்காவுக்குக் கிடைத்தது ச ரி ம ப நி. புத்தகத்தில் அச்சுப்பிழை என்று பென்சிலால் திருத்திவிட்டார். இன்னொரு நாள் ஓர் ஆண் பாடிய மோகனத்தில் ச ரி ம ப த என்று வந்தது. அக்கா யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: ஆண்கள் பாடுவது ஒரு மோகனம், பெண்கள் பாடுவது வேறு மோகனம். இந்தச் சேதி தெரியாமல் புத்தகம் எழுதியவர்மீது அவருக்கு வருத்தம்கூட இருந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது மில்லை நிறுத்தியிருந்தோம். அத்தான் அப்போது பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். அவரோடு அவருடைய அண்ணனும் வந்திருந்தார்; எங்கள் எல்லோருக்கும் அவர் பெரியத்தான். சிறு வயதில் முறையாகப் பாட்டுக் கற்றவர், ஊரில் நடக்கும் கச்சேரி ஒன்றையும் விடாதவர். பொண்ணுக்கு ஹார்மோனியம் வாசிக்கத் தெரியுமாமே என்று அவர்தான் கேட்டார். அக்கா வாசித்தார். பெரியத்தான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கும்மா. என்ன ராகம் இது?" என்றார்.

"ஆம்பளை மோகனம்ங்க."

"அப்படின்னா பொம்பளை மோகனம்னு ஒண்ணு இருக்காம்மா?"

"இருக்குங்க. அதுல மேல 'நி' வரும்."

வீடே சிரித்தது. அத்தானும் சிரித்தார், இதையும் மலரில் எழுது என்று இப்போது அவரே சொன்னார். சிரித்துவிட்டு, "எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்று முதல் அக்காவுக்கு உறவில் ஒரு பெயர் ஏற்பட்டது. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "ஆம்பளை மோகனம் வந்தாச்சு" என்றுதான் வரவேற்பு. கேலி செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அன்போடுதான் சொன்னார்கள். அக்காவும் கூடச் சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவார்.

முதல் ஆடிக்கு அக்காவை அழைத்து வந்தோம். வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக மில் வாசலுக்குப் போய் நின்றார். எதிரே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"அப்பா, மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"ஏம்மா, ஆளுங்க தூக்கும் கையுமா நிக்கிறாங்க."

"நிறுத்துங்கப்பா, சொல்றேன்."

நிறுத்தினார்கள். தெருவில் நின்று கேட்டார். "இப்ப போடுங்க" என்றார். போட்டார்கள். மறுபடி நிறுத்தச் சொன்னார். அரிசித் தூக்கோடு நின்ற பெண்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அக்கா அங்கேயே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுகைக்கு நடுவே சிரித்தார்.

உள்ளே வந்த பிறகுதான் எனக்கு விளக்கினார். ஸ்ரீரங்கத்து வீட்டில் ரேடியோ உண்டு, மில் இல்லை. சீரோடு எடுத்துப்போன ஹார்மோனியத்தில் எண்ணிப் பார்த்தால், அங்கே கேட்ட மோகனம் புத்தகத்தில் உள்ளபடியே வந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் சரியாக இருக்கும் புத்தகம் உறையூரில் எப்படித் தப்பாகும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "பாடறவங்களுக்கு அவங்கவங்க 'ச' இருக்குடா. நான் அதை விட்டுட்டு நம்ம மோட்டாரையே 'ச'ன்னு வச்சு எண்ணிட்டேன். மோட்டார் ஓடினா ஒரு ராகம், நின்னா வேற ராகம். பாட்டு என்னவோ அதேதான். என்னை ஏமாத்தினது நம்ம மில்லுடா" என்றார். எனக்குப் பாதி புரிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மில்லைக் குறை சொல்கிறாள் என்று மட்டும் வருத்தப்பட்டார்கள்.

அதன் பிறகு அக்கா முதலிலிருந்து தொடங்கினார். புத்தகத்தில் திருத்தியதையெல்லாம் அழித்தார். மத்தியான வேளைகளில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு ராகமாக வாசித்துப் பார்த்தார். அப்படிப் போகும்போது ஒன்றைக் கண்டுபிடித்தார். அதே கட்டைகளைத் தொட்டாலும் 'ச'வை இடம் மாற்றி வைத்தால் ராகம் மாறுகிறது, அது ஒரு கணக்காகவே மாறுகிறது என்பது அது. தன் பழைய தப்புக்குள் ஒரு சரி ஒளிந்திருந்தது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். குழந்தை தங்காத துக்கத்தைக்கூட அதை வைத்துத்தான் ஆற்றிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது சரிதானா என்று சொல்ல ஆள் வேண்டுமே. அதுதான் அக்காவின் ஆசை. சங்கீதம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டு, 'சரிம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உறவில் சங்கீதம் தெரிந்தவர் பெரியத்தான் ஒருவர்தான். நவராத்திரிக்குக் கொலு முன்னால் பெண்களைப் பாடச் சொல்வார்கள் அல்லவா? ஒவ்வொரு வருஷமும் பெரியத்தான், "என்னம்மா, ஆம்பளை மோகனம் இந்த வருஷமாவது உண்டா?" என்று கேட்பார். "அடுத்த வருஷம் பாருங்க பெரியத்தான்" என்பார் அக்கா. ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று நான் கோபித்துக்கொண்டேன். "இன்னொரு தடவை சிரிச்சாங்கன்னா தாங்க மாட்டேன்டா. நல்லாச் சரிபாத்துட்டு வாசிக்கிறேன்" என்றார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு புரட்டாசியில், கொலுப் படி கட்டத் தொடங்கிய நேரத்தில், பெரியத்தான் காய்கறி வாங்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து இறந்துபோனார். தீட்டு வீட்டில் அந்த வருஷம் கொலு இல்லை. அவருக்காக அழுதவர்களில் அக்கா அளவுக்கு அழுதவர்கள் இல்லை. ஏன் இவ்வளவு அழுகிறாள் என்று உங்களில் சிலர் என்னிடமே கேட்டீர்கள். அந்த வருஷம் வாசிப்பது என்று அக்கா முடிவு செய்து வைத்திருந்தார். "சிரிச்சவரும் அவர்தான்டா, சரின்னு சொல்லக்கூடியவரும் அவர்தான்டா. இனிமே யார்கிட்டப் போய்க் கேப்பேன்?" என்று என்னிடம் சொன்னார்.

வேறு ஒரு வித்துவானிடம் கூட்டிப் போகிறேன் என்று அத்தான் எவ்வளவோ சொன்னார். முன்பின் தெரியாதவர் முன்னால் போய் உட்கார அக்காவுக்குத் துணிவு வரவில்லை. பிறகு உடம்பும் இடம் கொடுக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கின. இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, சிறு வயதுக் காய்ச்சலால் வந்தது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் வீட்டுக்கு அழைத்து வருவதுமாக அந்த ஆண்டு போயிற்று.

கடைசியாக வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு பிற்பகல், ஹார்மோனியத்தைக் கட்டில்மேல் வைக்கச் சொன்னார். துருத்தியை இழுக்கக் கையில் வலு இல்லை. அத்தான் எதிரே உட்கார்ந்து துருத்தியை இழுத்தார். முதலில் அவசரமாக இழுத்து அலற வைத்துவிட்டார். "பஸ்ஸா விடறீங்க? மெதுவா" என்று அதட்டினார் அக்கா. அத்தான் மெதுவாக இழுக்க, அக்கா கறுப்புக் கட்டைகளில் மட்டும் வாசித்தார். கட்டைகள் மாறவில்லை. 'ச' என்று ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு ராகத்தையும் பெயர் சொல்லி வாசித்தார். முடித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, "சரியா இருக்கா?" என்றார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அத்தான்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அக்கா சிரித்தார். அத்தானும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

அக்காவுக்குக் கடைசிவரை மருத்துவம் பார்த்த டாக்டருக்கும், ஆஸ்பத்திரியில் மகளைப்போல் கவனித்துக்கொண்ட நர்சம்மாவுக்கும், நாங்கள் கூப்பிடாமலே ஓடிவந்து தாங்கிய ஸ்ரீரங்கத்து அண்டை வீட்டாருக்கும், அத்தானுக்கு விடுப்புக் கொடுத்து வேலையைத் தாங்கள் பார்த்துக்கொண்ட பஸ் கம்பெனி நண்பர்களுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியத்தானின் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. மகளைப் பறிகொடுத்த எங்கள் அம்மாவுக்கு நாங்கள் சொல்லக்கூடிய ஆறுதல் எதுவும் இல்லை.

இனி ஒரு வேண்டுகோள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டைகள் மூன்று சேர்ந்தும் இரண்டு சேர்ந்தும் இருக்கும். மூன்றில் முதலாவதை 'ச' என்று வைத்துக்கொண்டு கறுப்பிலேயே ஏறி இறங்கினால் மோகனம். நடுக்கட்டையை 'ச' என்று வைத்தால் மத்தியமாவதி. மூன்றாவதை வைத்தால் இந்தோளம். இரண்டில் முதலாவது சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி.

உங்களில் சங்கீதம் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். தவறு என்றால் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். சரி என்றால் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வாருங்கள். கூடத்தில் அக்காவின் படம் இருக்கிறது. அத்தான் காதிலும் விழும்படி அங்கே நின்று, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.